பொறுங்கம்மாவின் ஆட்டுப்பட்டி

என் அண்ணிக்குத் தெரு வைத்த பெயர் பொறுங்கம்மா. பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் "பொறுங்க" என்றுதான் சொல்வார். கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பார்த்தும் அதையேதான் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், டிரைவரும் நிறுத்திவிடுவார். அண்ணனுக்கோ மூக்கு நுனியில் கோபம். இந்த இரண்டு பேரையும் ஜோடி சேர்த்த மகராசன் யாரென்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன். புருஷன் வீடு சரிப்பட்டு வராமல், ஒரு பெட்டியும் தையல் மெஷினுமாக நான் வந்து இறங்கிய அன்று, சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து என்னை எப்படித் திருப்பி அனுப்புவதென்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அண்ணன்கூட "எப்பக் கெளம்பற?" என்று கேட்டுவிட்டார். அண்ணி ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்தார். "பொறுங்க. பொறந்த எடம்தானே, வேற எங்க போவா?" என்றார். மெஷினை ஜன்னலோரமாகத் தானே இழுத்துப் போட்டார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் அண்ணியின் ஆட்டுப்பட்டி. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விடும். எங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டது ஆடுகள்தான். ஒவ்வொன்றின் குணமும் அண்ணிக்கு அத்துப்படி. மூக்கருகே வெள்ளைப் புள்ளி இருந்ததால் ஒன்றுக்கு மூக்குத்தி என்று பெயர். அதுதான் பட்டிக்கு மகாராணி. தழையை முதலில் அதற்குக் காட்டாவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒருநாள் விடிந்ததும் ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வேலிக்கு அடியில் பள்ளம் பறித்துத் தெருநாய்கள் உள்ளே புகுந்திருந்தன. இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. ஒரு ஆட்டுக்குத் தொடை கிழிந்திருந்தது. நிறைசினையாக இருந்த மூக்குத்தி, மூலையில் ஒண்டி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து ஒரு குட்டியின் தலையை மடியில் வைத்திருந்தார்.

அண்ணன் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்தபோது கூடவே கோழிக்கடைக்காரர். அண்ணன் கையிலிருந்த பையில் கோழிக் குடலும் எலி மருந்தும் இருந்தன.

"இன்னிக்கே ஒரு வழி பண்ணிடறேன்!"

தெருவே கூடி "அப்படித்தான்" என்றது. எனக்கும் அதுதான் நியாயமாகப்பட்டது. செத்த குட்டிகளில் ஒன்றுக்கு நான்தான் பாட்டிலில் பால் கொடுத்தேன்.

கிழிந்த தொடைக்குத் தையல் போட வந்த மாட்டு டாக்டர் பையை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "விஷம் வெச்சீங்கன்னா உங்க மேலதான் கேஸ் வரும். அப்புறம் எந்தப் பள்ளிக்கூடம் உங்ககிட்ட வேனைக் குடுக்கும்?"

"யார் வெச்சதுன்னு யாருக்கு சார் தெரியப்போகுது?" என்றார் கோழிக்கடைக்காரர்.

"அதான் ஊரைக் கூட்டி வெச்சுக்கிட்டுப் பேசறீங்களே!"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் ஆட்டைக் கொன்னா கேஸ் இல்ல, நாயைக் கொன்னா கேஸா?" என்று கத்தினார். குடல் நிறைந்த பையோடு அண்ணன் வாசலை நோக்கித் திரும்பினார்.

"பொறுங்க."

அன்று காலையில் அண்ணி பேசிய முதல் வார்த்தை அது. குட்டியை மெதுவாகக் கீழே கிடத்திவிட்டு எழுந்தார். "அந்த நாய்ங்க இங்கயே பொறந்து வளர்ந்ததுங்க. இத்தனை வருஷமா பட்டிப் பக்கம் எட்டிப் பாக்காததுங்க, இப்ப மட்டும் ஏன் வந்துச்சு?"

"பசிச்சா வரும்!"

"அதுங்களுக்கு என்னிக்குங்க பசி இல்லாம இருந்துச்சு?"

பட்டிக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே எங்கள் குப்பைமேடு கலைந்து கிடந்தது. ஒரு பழைய சாக்கு நார்நாராகக் கிழிந்திருந்தது. சுற்றிலும் நாய்க் காலடிகள். அவை நேராக வேலிப் பள்ளத்துக்குப் போயின. அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஆடு குட்டி போட்டதும் விழுகிற இளங்கொடியை ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்தப் பருவத்தில் ஆடுகளுக்கு அடுத்தடுத்துப் பிரசவம், அண்ணிக்கோ இடுப்புப் பிடிப்பு. குழி தோண்ட முடியாமல் சாக்கில் சுற்றிக் குப்பைமேட்டில் வீசிவந்தார். பால் சொம்பை இரண்டு தடவை கழுவுகிற மனுஷி, இதில் மட்டும் அசட்டையாக இருந்துவிட்டார்.

அங்கே நாங்கள் இருவர்தான். காலால் நாலு தள்ளு மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அண்ணி நேரே தெருவுக்கு வந்தார். அத்தனை பேருக்கும் நடுவில் அண்ணன் எதிரே போய் நின்றார்.

"நாய்க்கு ருசி காட்டினது நான்தாங்க. இளங்கொடியக் குப்பையில வீசினேன். அதைத் தின்னு பழகித்தான் வாசனை புடிச்சு உள்ள வந்திருக்கு. விஷம் வெக்கறதுன்னா மொதல்ல எனக்கு வைங்க."

கோழிக்கடைக்காரர் நைசாக நழுவப் பார்த்தார். "அண்ணே, உங்க கடைக் கழிவும் அங்கதான் கெடக்கு," என்று அண்ணி அவரையும் விடவில்லை.

அண்ணனின் முகம் சிவந்தது. வெடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், குட்டியின் ரத்தம் காய்ந்திருந்த அண்ணியின் கைகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை டாக்டரிடம் நீட்டினார். "என்ன பண்ணணும்னு சொல்லுங்க சார்."

அண்ணி அன்று வாய்மூடி இருந்திருந்தால், நாங்கள் ஜெயில் வாசலில் மனு போட்டுக் காத்துக் கிடந்திருப்போம். இன்றைக்கும் அண்ணன் வேன் சாவியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மனதுக்குள் அண்ணிக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

டாக்டர் சொன்னபடி வேலிக்குக் கம்பிவலை வந்தது. வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்து, தரையோடு படுக்கவைத்து, மேலே கல் அடுக்கினோம். நாய் பறித்தால் கம்பிதான் காலில் தட்டும். உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணனே நாய் மாதிரி அடியில் நுழையப் பார்த்து, சட்டையைக் கிழித்துக்கொண்டார். தைத்தது நான்தான். கோழிக்கடைக்காரர் முனகிக்கொண்டே மூடி போட்ட டிரம் வாங்கினார். நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்யச் சொல்லி அண்ணி நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். "நாளைக்கு வாங்கம்மா," என்றார் குமாஸ்தா. "பொறுங்க, நாளைக்கும் இதையேதான் சொல்வீங்க, நான் இங்கயே இருக்கேன்," என்று மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தாவுக்கு வியர்த்ததோ என்னவோ, நாய் பிடிக்கும் வண்டி வந்துவிட்டது.

போன நாய்கள் சில நாளில் அதே வண்டியில் திரும்பி வந்தன. ஊசி போட்டதற்கும் ஆபரேஷன் செய்ததற்கும் அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு. கோழிக்கடைக்காரர் குதித்தார். "புடிச்சுட்டுப் போனதை ஏன்யா திரும்பக் கொண்டாந்து விடறீங்க?"

"எங்க புடிச்சமோ அங்கதாங்க விடணும், சட்டம் அப்படி," என்றார் வண்டிக்காரர். "இதுங்க இல்லன்னா வேற நாய் வந்து எடம் புடிக்கும். அதுக்கு இது தேவல."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். அண்ணி வாசலில் தழை கட்டிக்கொண்டிருந்தார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பொறுங்க. பொறந்த எடம்தானே, வேற எங்க போகும்?"

ஜன்னலுக்கு உள்ளே என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அதே வார்த்தை. அன்று என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்ன அதே வார்த்தை.

"என்னையும் நாயையும் ஒரே கணக்குல சேத்துட்டீங்களே அண்ணி!" என்று கத்தினேன்.

"பொறு. அதுங்களாவது ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்கு."

தெருவே சிரித்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டேன். யாரையும் தூக்கி எறியத் தெரியாத ஒரு மனுஷியின் வீட்டில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதைவிட நான் என்ன கேட்பேன்?

அந்த வாரமே மூக்குத்தி குட்டி போட்டது. இரட்டைக் குட்டிகள், ஒன்றுக்கு மூக்கருகே அதே புள்ளி. அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்வெட்டியைத் தேடுவதற்குள் நான் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் காது வெட்டுப்பட்ட செவலை நாய் படுத்திருந்தது. அண்ணன் அதை முறைத்தபடியே குழிக்கு மேல் வைக்கக் கல் உருட்டி வந்தார். எனக்கு இடுப்பளவு ஆழம் வந்துவிட்டது.

"போதும், மேல ஏறி வா," என்றார் அண்ணி.

"பொறுங்க அண்ணி," என்றேன், தோண்டிக்கொண்டே.