கிளட்ச் இல்லாத வண்டியில்

வடக்குப்பட்டில் விடாத மழை. மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டோமேட்டிக் ஜீப்பைக் கொடுத்தார். எனக்குப் பழக்கம் கிளட்ச் வைத்த கம்பெனி வேன்தான்.

ஒரகடம் சாலைக்கு முன்னால் ஒரே சேறு. பதற்றத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினால் பின்சக்கரம் வழுக்கியது.

"இன்னாய்யா நின்னுட்ட?" என்று பின்சீட்டிலிருந்து மனைவி கத்தினாள்.

"கால் கிளட்ச்சைத் தேடுது."

"அந்தக் காலை மடக்கிக்கினு உக்காரு. மெதுவா வுடு."

மடக்கிக்கொண்டேன். நியூட்ரலுக்கு வந்து, நான்கு சக்கரமும் இழுக்கும்படி சின்ன லிவரைத் தள்ளினேன். பறக்கவேண்டும் போலிருந்தது, ஆனால் வேகமாக அழுத்தினால் புதைந்துவிடும். வண்டி ஊர்ந்து ஊர்ந்து தார்ச்சாலையில் ஏறியது.

அன்று மாலை மகள் பிறந்தாள். அழுகுரல் கேட்கும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.