தட்டில் வைத்த ஆயிரத்தொரு வெள்ளி

கிரெடிட் கார்டைக் கொண்டு வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எடுக்கும்போதே ஒரு கட்டணம். அந்நியச் செலாவணி என்று மூன்றரை சதவீதம். இந்த இரண்டின் மேலும் ஜி.எஸ்.டி. போதாததற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி. கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கிற வட்டியில்லாத தவணை நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. இவ்வளவும் தெரிந்துதான் எடுத்தேன். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் மறுபடியும் எடுப்பேன். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்கிறான் என் மகன். அதனாலேயே எழுதுகிறேன்.

என் தங்கையின் கணவருக்குப் போன தை மாதம் அறுபது நிறைந்தது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். வேலை முடிந்ததும் அவரும் தங்கையும் மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் மகனிடம் போய்விட்டார்கள். அறுபதாம் கல்யாணத்தையும் அங்கேயே ஒரு கோயில் மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். அறுபதாம் கல்யாணம் என்றால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்தாக வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று இப்போது இருப்பது நான் ஒருவன்தான்.

இதில் ஒரு பழைய வலி உண்டு. அவர்களுடைய முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதாகச் சொன்ன மோதிரத்தை அன்றைக்குப் போட முடியவில்லை. அப்பாவுக்குப் பணம் புரளவில்லை. அடுத்த பொங்கலுக்குத்தான் போட்டோம். அதற்குப் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிட்ட ஒவ்வொரு விருந்திலும் அந்த மோதிரப் பேச்சும் ஒரு கறிபோல இலையில் விழுந்தது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் மறக்கிற மனிதரும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். தங்கை மட்டும் ஏதாவது எடுத்துவர உள்ளே போய்விடுவாள். இந்தத் தடவையாவது அவள் உள்ளே போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டுப் புடவையையும் வேட்டியையும் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் வாங்கினேன். தட்டில் வைக்கும் பணத்துக்கு மலேசியப் பணம் மாற்றிக்கொள்ளக் கிளம்பியபோது மகன் தடுத்தான். பணம் மாற்றுகிறவர்கள் கொடுக்கும் விலை மோசம் என்றான். அங்கே இட்லிக் கடையிலும் கார்டுதான், வயதான காலத்தில் கட்டுக்கட்டாக ரொக்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், தட்டுக்கு வேண்டியதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றான். டெபிட் கார்டு தொலைந்தால் சேமிப்பே போய்விடுமாம். அதையும் வீட்டில் வைக்கச் சொன்னான். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கான பூட்டைத் தன் போனிலேயே திறந்துவிட்டான். வங்கியின் ஆப் அவன் போனில்தான் இருந்தது. கார்டு என் பெயரில், பில் கட்டுவது என் கணக்கிலிருந்து, ஆப் மட்டும் அவனிடம். அதுவரை அதை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

கிள்ளானில் கார்டு வேலை செய்தது. மருந்துக் கடை, ரயில், துணிக்கடை எல்லா இடத்திலும் இயந்திரத்தில் தட்டினால் போதும். ஒவ்வொரு தடவையும் மூன்றரை சதவீதத்தை மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன். அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். எட்டு வெள்ளிக்கு வாங்கிய இருமல் மருந்து ஏறத்தாழ எட்டே கால் வெள்ளி என்று நினைத்தால் இருமல் கூடத்தான் செய்யும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

“இன்னா மச்சான், தட்டு ரெடியா கீதா? இல்ல, இதுவும் பொங்கலுக்குத்தான் வருமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ரசம் இருக்கும்போதே தங்கை ரசம் எடுக்க உள்ளே போனாள்.

சாப்பிட்டதும் அவள் மகன் என்னைத் தனியாக அழைத்தான். ரொக்கம்தானே வேண்டும், தான் தருவதாகவும், ஊருக்குப் போனதும் தன்னுடைய அம்பத்தூர் வங்கிக் கணக்கில் ரூபாயாகப் போட்டுவிட்டால் போதும் என்றும் சொன்னான். அவன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கட்டணம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் பிறந்த வீட்டுத் தட்டில் போவது புகுந்த வீட்டுப் பணமாக இருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏ.டி.எம். எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

அது பக்கத்துக் கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் இருந்தது. கார்டைப் போட்டேன், ரகசிய எண்ணை அழுத்தினேன். அனுமதி இல்லை என்று சொல்லிக் கார்டைத் துப்பியது. மகனுக்கு போன் செய்தேன். அவன் அலுவலகத்தில் இருந்தான்.

“கேஷ் எடுக்கிறத நான்தான்பா ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். யாராச்சும் உங்கள ஏமாத்திடப் போறாங்கன்னு.”

“இப்ப ஆன் பண்ணு.”

அவன் எனக்குப் பாடம் எடுத்தான். கட்டணம், வட்டி, வரி, எல்லாம் நானே அவனுக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்த கணக்குகள். பிறகு அவனுடைய அத்தை மகன் சொன்ன அதே யோசனையைச் சொன்னான்.

“அவன்கிட்டயே வாங்கி வெச்சிடுங்களேன். நான் இங்க இப்பவே அவன் அக்கவுண்ட்ல போட்டுடறேன். ஒரு பைசா செலவில்ல.”

“மாப்பிள்ளை வீட்டுப் பணத்த மாப்பிள்ளை வீட்டுத் தட்டுல வெக்கறதுக்கு நான் எதுக்குடா ஏரோப்ளேன் ஏறி வரணும்?”

“யாருக்குப்பா தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும். உங்க அத்தைக்குத் தெரியும்.”

சரி என்றான். மறுபடி வரிசையில் நின்று கார்டைப் போட்டேன். மறுபடியும் துப்பியது. போன் செய்து கேட்டால், பத்தாயிரம் ரூபாய்க்கு மட்டும் திறந்திருக்கிறானாம். எனக்கு வேண்டியதில் அது பாதிகூட இல்லை. அதற்கு மேல் வேண்டாமே என்று பார்த்தானாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கைச்செலவு கொடுப்பதுபோல.

“கார்டுல யார் பேர் போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“கார்டு உங்க கையிலதானப்பா இருக்கு.”

“அப்ப நானே படிக்கிறேன். கேட்டுக்கோ.”

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இனிஷியலையும் விடவில்லை. வரிசையில் நின்ற சீனப் பெண்மணி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்துவிட்டார். படித்து முடிப்பதற்குள் மகன் உச்சவரம்பை ஏற்றிவிட்டான்.

மூன்றாம் தடவை இயந்திரம் வேறொரு கேள்வி கேட்டது. கணக்கை இப்போதே இந்திய ரூபாயில் மாற்றித் தரட்டுமா, இதுதான் விலை, சம்மதமா என்றது. ரூபாயைப் பார்த்ததும் நம் ஊர்க்காரரைப் பார்த்ததுபோல இருக்கும். அங்கேதான் மோசம் போவது. அது அந்த இயந்திரத்துக்காரர் தன் லாபத்தையும் சேர்த்து வைக்கும் விலை. இரண்டு முறை படித்து, வழித்துணைக்கு வைத்திருந்த பேனாவால் உள்ளங்கையில் பெருக்கிப் பார்த்தேன். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் அவசரப்படவில்லை. வேண்டாம் என்பதை அழுத்தினேன். ஆயிரத்தைம்பது வெள்ளி வந்தது. தட்டுக்கு ஆயிரத்தொன்று வேண்டும். ஒரு வெள்ளித் தாளை எந்த ஏ.டி.எம்.மும் தராது. ஐம்பதை மாற்றுவதற்காகவே ஒரு தேநீர் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

மறுநாள் காலை வெற்றிலைபாக்கு, பழம், பட்டு, வேட்டி, அதன் மேல் பணம் என்று தட்டை நானே அடுக்கி மணையின் எதிரே நீட்டினேன். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். விரல் படாமலே தாள்களை எண்ணிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

“எங்கேர்ந்து மச்சான்? நேத்து பாக்கெட்ல ஒண்ணுமில்லன்னு புள்ள சொல்லிகினு இருந்தானே.”

“கார்டுல எடுத்தேன் மாப்பிள்ளே. கடன்தான். ஆனா என் கடன்.”

“வட்டி எவ்ளோ?”

மாதத்துக்கு எத்தனை சதவீதம் என்று புள்ளி விடாமல் சொன்னேன். “நல்ல ஆளுதான் நீ” என்று சொல்லிவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார். மோதிரத்தைப் பற்றி அன்று பேச்சே வரவில்லை. தங்கை தட்டை வாங்கி அங்கேயே வைத்திருக்கலாம். அவள் எழுந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்க அதை எடுத்துக்கொண்டு போய், எங்க அண்ணன் வெச்சது, எங்க அண்ணன் வெச்சது என்று காட்டிவிட்டு வந்தாள். ஐயர் காத்துக்கொண்டிருந்தார். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வட்டி வளரக் கூடாது என்று அன்றைக்கே அந்தத் தொகையை என் கணக்கிலிருந்து கார்டுக்குக் கட்ட மகனிடம் சொல்லிவிட்டேன். ஊர் திரும்பியதும் பில் வந்தது. மகன் எல்லாக் கட்டணங்களையும் கூட்டி என் முன்னால் வைத்தான். அவன் கூட்டலில் பதினோரு ரூபாய் பிசகு இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன். இந்தப் பணத்துக்கு என்னென்ன வாங்கியிருக்கலாம் என்று அவன் தொடங்கினான். நான் வாங்கியதை வேறெந்தக் கடையிலும் விற்கவில்லை என்றேன்.

பிறகு என் போனை எடுத்துக்கொண்டுவந்து, அந்த ஆப்பை இதில் போடு, உன் போனிலிருந்து எடு என்றேன். அப்படிச் செய்தால் யாராவது போலி அழைப்பில் என்னை மொட்டையடித்துவிடுவார்கள் என்று பயந்தான். அடித்தால் என் தலை என்றேன். எங்கள் அயனம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க வாதம் நடந்தது. கடைசியில் போட்டுக்கொடுத்தான்.

அவன் எழுந்து போவதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். வெளிநாட்டுச் செலவு, ரொக்கம் எடுத்தல், இரண்டையும் நானே அணைத்தேன். எட்டிப் பார்த்து அவன் சிரித்தான்.

“இதத்தானேப்பா நானும் பண்ணி வெச்சிருந்தேன்?”

“நீ பண்ணது வேற” என்றேன்.

அவனுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும், பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவையுங்கள் என்று கேட்டான். இன்றுவரை சொல்லவில்லை.