அவரைப் பந்தலும் பக்கத்து வீட்டுப் புழுவும்

பல் விளக்கும் முன்பே அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு அவரைப் பந்தலுக்கு ஓடுகிறேன். பனி காய்வதற்குள் தூவினால்தான் இலையில் ஒட்டுமாம். அசுவினிப் பூச்சி மொய்த்த கொழுந்துக்குப் பாதி, என் மூக்குக்குப் பாதி. மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்தவள் கெலமங்கலத்தில் காய்கறி போட்டுச் சாப்பிடும் லட்சணம் இது.

எங்கள் ஊரில் இது ஒரு பொழுது வேலை. புகையிலைக் காம்பை ஊறப்போட்டு, துளி சோப்பைக் கரைத்துத் துடைப்பத்தால் தெளித்தால் அசுவினி கொட்டிப்போகும். என் கணவருக்கு வாத்தியார் வேலை கிடைத்து இங்கே குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் ஊறப்போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் லட்சுமம்மா, வாடை பட்டதும் ஓடிவந்தாள். கன்னடமும் தெலுங்குமாக அவள் கத்தியது எனக்கு விளங்கவில்லை. வெற்றிலைக்குப் புகையிலை கேட்கிறாளாக்கும் என்று ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினேன். அலறியடித்துப் பின்வாங்கினாள்.

"பேடாக்கா, வேணாம். மல்பெரி எலை மேல ஒரு சொட்டு பட்டாலும் புழு கக்கிக் கக்கிச் சாவும். எங்க வூட்டுச் சோறே அதுதான்" என்றாள், பிறகு தமிழில்.

வேப்பங்கொட்டைக் கரைசலும் கூடாதாம். சாம்பல் தூவு, கையால் பொறுக்கு, அவ்வளவுதான். எரிச்சலாக வருகிறது. பூச்சியைக் கொல்ல வேண்டியவள் புழு வளர்க்கிறவளுக்குப் பக்கத்திலா வந்து வாய்க்க வேண்டும்? இந்த வருஷம் பந்தலில் பிஞ்சே நிற்காமல் போகவே, மன்னார்குடிக்குப் போன ஒருவரிடம் அண்ணனுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன், புகையிலை கொண்டுவரச் சொல்லி. காற்றில்லாத நாளாகப் பார்த்துத் தெளித்துவிடுவதாகத் திட்டம்.

அண்ணன் வந்த நேரம் லட்சுமம்மா காய்ச்சலில் கிடந்தாள். கூடு கட்டப்போகிற புழுக்களுக்கு வேளாவேளைக்குத் தழை போட்டது நான்தான். ஓசூர் பஸ்ஸில் இறங்கி, வாயில் வெற்றிலையும் கையில் பொட்டலமுமாக அண்ணன் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, அங்கேயே நில்லு. அதை மரத்துல மாட்டிட்டு, சீயக்காய் போட்டுக் கையைக் கழுவு."

"நீதானே புள்ள கொண்டாரச் சொன்னே?"

முகம் சுண்டிப்போய்க் கழுவிவிட்டு வந்தார். "இப்ப சரியா?" என்று கையை நீட்டினார். புகையிலை வாடை போகவில்லை. சின்ன வயதில் அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது வந்த வாடை. எனக்கு அழுகை வந்துவிட்டது. புழுக்களுக்கு மத்தியானத் தழை போட நேரமாகிவிட்டது. என் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் அவர் கையருகே கொண்டுபோய், வேண்டுமட்டும் முகர்ந்துகொண்டு நின்றேன்.