பவுடர் கோட்டிங் ஓவனில் ஒரு மலை

கொக்கியில் தொங்கியபடி ஓவனுக்குள் நகர்ந்து போன அந்த ஒற்றைத் தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முன்னாலும் பின்னாலும் பைக் பாகங்கள். நடுவில் என் மச்சான் வரைந்த ராயக்கோட்டை மலை. ஓசூரில், இரும்புப் பாகங்களுக்கு வண்ணப் பொடி பூசிச் சுட்டெடுக்கும் ஒரு பவுடர் கோட்டிங் ஷாப்பில் பதினொரு வருடமாக ஓவன் பார்க்கிறவன் நான். பூசியது எதுவானாலும் சூட்டில் காய்ந்தே தீரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. யாரையும் கேட்காமல் நானேதான் அதை மாட்டிவிட்டேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. வேறொரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஆபரேட்டராக இருந்தபோது மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்கள் பாதியாகிவிட்டன. காயம் ஆறியது, தையலும் பிரித்தாயிற்று. கை மட்டும் பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. எதையாவது பிடித்து அழுத்திப் பழகாவிட்டால் மிச்ச விரல்களும் இறுகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும்விடச் சாப்பாடுதான் சங்கடம். பிறர் முன்னால் இடது கையால் சாப்பிட மாட்டான், வலது கையைக் காட்டவும் மாட்டான். கல்யாணம், காதுகுத்து என்று போவதெல்லாம் நின்றுபோயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் “சாப்ட்டுத்தான்க்கா வந்தன்” என்பான். அவன் போன பிறகு, அவனுக்கென்று வடித்த சோற்றை என் மனைவி மூடி வைப்பாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

மகளின் ஆயில் பேஸ்டல் டப்பா கண்ணில் பட்டது அப்போதுதான். தடித்த வண்ணக் குச்சி, பிடிக்கச் சுலபம். சும்மா நீட்டினால் தூக்கி எறிவான் என்பதால், நானும் கற்றுக்கொள்ளப் போகிறேன், துணைக்கு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போன் வீடியோவில் ஒரு கன்னடத்து அம்மா சொல்லச் சொல்ல இருவரும் வரைந்தோம். வெளிர் நிறத்தை முதலில் போடு, இரண்டு நிறம் சேரும் இடத்தை விரலால் தேய், குச்சி நுனியில் ஒட்டிய வேறு நிறத்தைத் துடைத்துவிட்டு எடு. நான் துடைக்க மறந்து, நான் வரைந்த வாழைப்பழங்கள் எல்லாம் அழுகிப்போயின. அவனோ தாளைப் பரீட்சை அட்டையில் கவ்வவிட்டு, இடது கையாலேயே என்னைவிட நன்றாக வரைந்தான். வலது கையை வெளியே வரவைக்கும் என் திட்டம் அந்த இடத்தில்தான் தோற்றது.

ஒரு மாதத்தில் மலையை முடித்தான். அவனுடைய முதல் முழுப்படம். பிரேம் போட்டு மாட்ட எனக்கு ஆசை. ஆனால் ஒரு வாரமாகியும் தொட்டால் விரலில் ஒட்டியது. காயாத பெயிண்ட் ஒன்று உண்டா, பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை ஷிஃப்டுக்கு எடுத்துப் போனேன். திரும்ப வெளியே வரும்போது தாள் பொரித்த அப்பளமாக இருந்தது, மலை அடியில் வழிந்து கிடந்தது. ஆயில் பேஸ்டல் காயவே காயாது, மேலே ஒரு தாளை வைத்து மூடினால் போதும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அதை அவன் முன்னால் வைத்தேன்.

“ஓவன்லயா போட்ட, மாமா?”

“காயலியேன்னு போட்டன்டா.”

“இன்னா மனுசன் நீ. ஒரு மாசமா வராத கையில ஒவ்வொரு கோடா போட்டன்.”

வெறும் தாள் ஒன்றை இழுத்துத் தரையில் போட்டான். அட்டையைத் தேடும் பொறுமை அவனுக்கு இல்லை. தாள் நகர்ந்தது, இடது கையால் அழுத்திக்கொண்டான். பாக்கெட்டிலிருந்து வலது கை வெளியே வந்தது. நீலக் குச்சியை எடுத்து அவன் அழுத்திய அழுத்தில் அது இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டோடு தொடர்ந்தான். வானத்தை அந்தப் பாதி விரலாலேயே தேய்த்தான். சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

மதியம்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அவனைக் கேட்காமலே அக்கா தட்டு வைத்தாள். கழுவியும் நீலம் போகாத வலது கையால் ரசம் சோற்றைப் பிசைந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டான். இரண்டாவது முறையும் சோறு கேட்டான்.

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் அவனைப் பார்க்கலாம். இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் ஓவன் வேலையைப் பக்கத்து இலைக்காரர்களுக்குச் சொல்லிச் சிரிக்கவைப்பான். அந்தப் படத்தைக் கெடுத்ததற்கு நான் இன்றுவரை அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை.