ஆள் இல்லை என்று சொன்ன பெட்டி

ஓரெஸ்ட் நாட்யுக்குக்கு எதையும் சேர்க்கப் பிடிக்காது, கழற்றத்தான் பிடிக்கும். வண்டியில் ரேடியோ இரைச்சல் என்று கழற்றி, அந்த ஓட்டையில் கையுறையைச் செருகிவைத்தார். தட்டு எங்கே ஓடிவிடப்போகிறது என்று சமையலறை அலமாரிக் கதவுகளையெல்லாம் கழற்றினார். மனைவி லெஸ்யா தன் மூக்குக் கண்ணாடியைக்கூட அவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்க மாட்டாள்.

மானிட்டோபாவில் கிரென்டல் ஊரில் முப்பது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு கர்லிங் கிளப்பில் ஐஸ் போடும் வேலை. நாற்பது பவுண்டு கல்லை வழுக்கிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் ஐஸைத் தேய்த்து, எதிர்க்கோடி வட்டத்துக்குள் நிறுத்துகிற ஆட்டம் அது. ஐஸ் வெறும் மொழுமொழுவென்று கிடந்தால் கல் பாதியில் நின்றுவிடும். வெந்நீரைத் துளித்துளியாய்த் தெளித்து, மேலே பொடிப் புள்ளி வைக்க வேண்டும். அதில் ஓரெஸ்ட்டின் கை தனிக் கை.

கிளப் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்புதான். யாரோ தூக்கி எறிந்த பெட்டியில் நாலு வருஷம் முன்பு லினக்ஸ் போட்டார். போட்ட கையோடு கழற்ற ஆரம்பித்தார். அலங்காரம், சத்தம், சுட்டி, சன்னல் எல்லாம் போயிற்று. கடைசியில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மினுக்கும் ஒரு கோடு.

"எல்லாத்தையும் கழட்டாத மச்சான், அதுல ஒண்ணு ரெண்டு வேலை செய்யும்" என்றான் லெஸ்யாவின் தம்பி டெல்மர்.

"இல்லாதது கெட்டுப்போகாதுடா. நான் கழட்டின எதையும் திரும்ப மாட்டினதா சரித்திரமே இல்ல."

இதையே கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று வேறு சொல்லித் தொலைத்தார்.

வினை பிப்ரவரிப் போட்டியில் வந்தது. முப்பத்திரண்டு அணிகள் வரும். ஒவ்வொரு அணியும் தன் போட்டோவைப் பென்டிரைவில் கொண்டுவரும். செருகினால் பெரிய டிவியில் தெரிய வேண்டும். ஆனால் ஓரெஸ்ட்டின் பெட்டியில் செருகினால் ஒன்றும் திறக்காது. அவர் வந்து உட்கார்ந்து, 'இந்த டிரைவை இங்கே மாட்டு' என்று கட்டளை அடித்தால்தான் திறக்கும். போன வருஷம் அந்த வரிசையில் நின்றே ஒரு அணி தன் ஆட்டத்தைக் கோட்டைவிட்டது.

கிளப் தலைவி வெர்னா, கறார் பேர்வழி, திங்கட்கிழமை வந்து நின்றாள்.

"ஓரெஸ்ட், வெள்ளிக்கிழமை நானே செருகுவேன். படம் தானா வரணும். ஞாயிறு வரைக்கும் ஒருதடவ முரண்டு பிடிச்சாலும் உன் பெட்டி குப்பைமேட்டுக்குப் போகும். கடையில புதுசு வாங்கிக்கிறேன்."

"கடைப்பெட்டியா? அது எழுந்திரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும். இது பதினோரு செகண்டு!"

"எழுந்திரிச்சு என்ன செய்யுது? சும்மா முழிக்குது."

அன்றே இறங்கிவிட்டார். முதலில் பென்டிரைவ்மேல் சந்தேகம். ஐந்து மாற்றிப் பார்த்தார். பிறகு குளிர்மேல் சந்தேகம். பெட்டிக்குக் கம்பளித் தொப்பி போட்டுவிட்டார். செருகியதும் 'டிரைவ் வந்திருக்கிறது' என்று பெட்டி ஒரு வரி எழுதும். வந்தவரை உள்ளே கூப்பிடாது. செவ்வாய்க்கிழமை, பல்லைக் கடித்துக்கொண்டு, தானாக மாட்டிவிடும் புரோகிராம் ஒன்றைச் சேர்த்தார். அது பதில் சொன்னது: அனுமதி கிடையாது. 'பெட்டிமுன் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை' என்றும் எழுதியது.

ஓரெஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு, சத்தம் வர உட்கார்ந்தார். மறுபடி செருகினார். 'யாரும் இல்லை' என்றது பெட்டி.

"நான் யாருடா அப்போ?" என்று கத்தினார்.

காப்பியோடு வந்த டெல்மர் திரையை எட்டிப் பார்த்தான். "சரியாத்தான சொல்லுது. எங்கக்காவும் முப்பது வருஷமா இதத்தான் சொல்றா. உட்கார்ந்திருப்பாரு, ஆனா இருக்க மாட்டாரு."

புதன்கிழமை விஷயம் பிடிபட்டது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு மட்டும்தான் அந்தப் புரோகிராம் டிரைவை மாட்டும். ஆள் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்ல ஒரு சின்னக் காவல்காரப் புரோகிராம் உண்டு. நாலு வருஷம் முன்பு, 'நான் இருக்கிறது எனக்குத் தெரியும்' என்று அவர் கழற்றி எறிந்தது அதைத்தான்.

திரும்ப மாட்டப் பத்து நிமிஷம் போதும். ஆனால் டெல்மர் இருக்கிறானே. கூட்டத்தில் பேசின பேச்சு இருக்கிறதே.

வியாழக்கிழமை பெட்டியிலிருந்து பின்னால் ஐஸை உறையவைக்கும் பம்ப் ரூமுக்கு ஒரு ஒயரை இழுத்தார். அங்கே ஒரு பழைய கீபோர்டும் குட்டித் திரையும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை வெர்னா செருகினாள். நாலு செகண்டில் படம் வந்தது. கைதட்டல் பம்ப் ரூம்வரை கேட்டது. அங்கே ஓரெஸ்ட் கட்டளை அடித்த விரலை ஊதிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மனுஷனுக்கு வெளியே வர வழியில்லை. அவசரத்துக்குப் போய்வந்தால் படம் மூன்று நிமிஷம் தாமதம். "மதியம் பெட்டி கொஞ்சம் மந்தம்" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். "வீட்டுக்குப் போய்ப் பெரோகிக் கொழுக்கட்டை தின்னுட்டு வருதோ என்னவோ" என்றான் டெல்மர். ஓரெஸ்ட் தன் அணி ஆடும் நேரங்களில் மட்டும் செருகும் ஓட்டைமேல் கம்பளித் தொப்பியை மாட்டி, 'பெட்டி சூடு ஆறுகிறது, தொடாதே' என்று அட்டை வைத்தார். ஐஸுக்குப் புள்ளி வைக்கும் வேலையோ, போகிறபோக்கில் நாலு தெளிப்பு தெளித்ததோடு சரி.

ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். கிரென்டல் அணியில் டெல்மர் துடைப்பக்காரன், ஓரெஸ்ட்தான் தலைவர், கடைசிக் கல் அவர் கையில். வட்டத்தில் நின்றால் கோப்பை. காலை ஊன்றிக் குனிந்தபோது மேலே மைக் கரகரத்தது.

"ஜெயிக்கிறவங்களுக்கு வாழ்த்துப் படம் ஒண்ணு போடலாம்னா," என்றாள் வெர்னா, "தொப்பிய எடுத்துட்டுச் செருகிட்டேன், வர மாட்டேங்குது. மூணு நிமிஷமாச்சு. சரி, நாளைக்குக் குப்பைமேடு."

ஓரெஸ்ட் கல்லை விட்டார். வழுக்கி விடவில்லை, கையை எடுத்துவிட்டார். கர்லிங்கில் தப்பைச் சொல்ல நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டால், பட்டவனே கை தூக்கிச் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு வயதில் அவர் ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டதில்லை.

கையைத் தூக்கினார்.

"யோவ், கல்லே இன்னும் போகல, என்ன தப்பு?" என்றான் எதிரணித் தலைவன்.

ஓரெஸ்ட் வழுக்குச் செருப்போடு ஐஸின் நீளம் முழுக்கத் தத்தித் தத்தி நடந்து பம்ப் ரூமுக்குள் போனார். நாலு செகண்டு. டிவியில் வாழ்த்துப் படம். வெளியே வந்தார்.

"பெட்டிக்குள்ள நான்தான் இருந்தேன். மூணு நாளா. ஒரு துண்டக் கழட்டிட்டேன், திரும்ப மாட்ட மானம் தடுத்துச்சு."

வெர்னா மைக்கைக் கீழே வைத்தாள்.

"எந்தத் துண்டு மச்சான்?" என்றான் டெல்மர், தெரியாதவன் மாதிரி.

"ஆள் இருக்கானான்னு பாக்குற துண்டு."

டெல்மர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ஐஸிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

ஓரெஸ்ட் திரும்பிப் போய்க் கல்லை விட்டார். அழகான கல். பாதிதூரம் அழகாகப் போய், முக்கி, நின்றுவிட்டது. புள்ளி வைக்காத ஐஸ் வேறென்ன செய்யும். கோப்பை போயிற்று.

வழக்கப்படி ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு விஸ்கி வாங்கிக் கொடுத்தார்கள். வெர்னா கிளாஸோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அதத் திரும்ப மாட்ட எவ்ளோ நேரமாகும்?"

"பத்து நிமிஷம்."

"நீயே கை தூக்கின, அதனால பிழைச்சுப் போ. மாட்டு. எல்லாரும் பாக்க மாட்டு."

மாட்டினார். ஒன்பது நிமிஷம் ஆனது. உட்கார்ந்தார், செருகினார். 'எதிரே ஆள் இருக்கிறார்' என்று பெட்டி ஒரு வரி எழுதியது; அவர் கை எதையும் தொடாமலே படம் வந்தது. எல்லோரும் டிவியைப் பார்க்காமல் பம்ப் ரூம் கதவைப் பார்த்தார்கள்.

அப்போது போன் அடித்தது. வெர்னா எடுத்தாள். மறுமுனையில் லெஸ்யா.

"ஓரெஸ்ட் அங்க இருக்காரா?"

வெர்னா எட்டித் திரையைப் பார்த்தாள்.

"இருக்காராம், லெஸ்யா. பெட்டியே ஒத்துக்கிச்சு."