கற்பகம் புதுச்சேரியில் மீன் சாப்பிட்ட நாள்

போன மாதம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். அவரும் அவருடைய தோழியும் ஒரு நாள் புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஆசைப்படுகிறார்கள். இரண்டு பெண்கள் மட்டும் போனால் சரியாக வருமா என்பது அவருடைய கேள்வி. சரியாக வரும். இன்றைக்கு என்ன, 1984-லேயே சரியாக வந்தது. ஆனால் முதல் கடையில் வரவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. திருவண்ணாமலை தபால் ஆபீசில் டிரங்க் கால், அதாவது வெளியூர் போன் போட்டுக் கொடுக்கும் கவுன்டரில் வேலை. கற்பகம் என் கணவரின் தங்கை, என்னைவிட ஒரு வயது சின்னவள். புருஷனைப் பறிகொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அடி அண்ணாமலையில் எங்களோடுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருந்தது.

மே மாதம், பள்ளி விடுமுறை. ஒரு சாயங்காலம் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்.

"அண்ணி, தெனம் நூத்தி நாப்பது புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன். வூட்லயும் ஆக்கறேன். ஒரு நாளு நான் எங்கயாச்சும் ஒக்காந்திருக்கணும், வேற யாராச்சும் கொண்டாந்து வைக்கணும். அவ்ளோதான்."

எங்கே போகலாம் என்றதும் எனக்குப் புதுச்சேரிதான் நினைவுக்கு வந்தது. மலை சுற்றும் பாதையோரம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் பாரிசுக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு என் கவுன்டருக்கு எதிரே மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்த ஒரு பிரெஞ்சுப் பெண், கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோய், தந்தி ஃபாரத்தின் பின்பக்கத்தில் விலாசத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

என் மாமியாருக்கு இஷ்டமில்லை. மூன்று வருஷம்தானே ஆகிறது, அதற்குள் சினிமாக்காரி மாதிரி ஓட்டலுக்குக் கிளம்பினால் ஊர் என்ன பேசும் என்று பயந்தார். நானும் கூட வரட்டுமா என்று என் கணவர் கேட்டார். கற்பகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரும் விட்டுவிட்டார். "போய்ட்டு வரட்டும்மா" என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி.

காலை ஐந்து நாற்பதுக்குத் திருவண்ணாமலையில் பஸ். செஞ்சி வரைக்கும் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அங்கே பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். டீ குடித்தோம். திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ். மொத்தம் நூற்றைந்து கிலோமீட்டர், ஆளுக்கு எட்டு ரூபாய் சில்லறை. புதுச்சேரியில் இறங்கும்போது மணி ஒன்பதரை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டார், இரண்டுக்கு வந்தார். (இன்று ஆட்டோக்காரர்களும் இப்படித்தான். ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.)

கற்பகம் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அன்றுதான். பாறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாள். பிறகு, "பசிக்குது அண்ணி" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குத்தான் சாப்பாட்டுக் கடைகளைத் திறப்பார்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். வெள்ளைக்காரர் காலத்து அந்தத் தெருக்களில் நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்தோம். அக்கினி நட்சத்திர வெயில். பன்னிரண்டு ஐந்துக்கு ஃபாரத்தில் இருந்த விலாசத்தைக் கண்டுபிடித்தோம். முன் ஹாலில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், கடலைப் பார்த்த ஜன்னல்கள். பாதி மேஜை காலியாகத்தான் இருந்தது. சர்வர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். ஆம்பளைங்க யாரும் வரலையா என்று கேட்டார். இல்லை என்றதும், லேடீஸ் தனியாக வந்தால் பின்னால் ஃபேமிலி ரூம் இருக்கிறது, இங்கே உட்கார முடியாது என்றார்.

என் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டதே, பின்னால்தான் உட்காருவோமே என்று எனக்குத் தோன்றியதை மறைக்கப் போவதில்லை. கற்பகம் மட்டும் திரையை விலக்கி அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு பெஞ்சு, ஓடாத ஒரு ஃபேன், சுவரோரம் மூன்று வெங்காய மூட்டை.

"மூட்டை பக்கத்துல ஒக்காந்து சாப்புடறதுக்கு எங்க பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமே போதுங்க" என்று சர்வரிடம் மரியாதையாகவே சொன்னாள். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

தெருவில் நின்றோம். கையில் வேறு விலாசம் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஏதாவது சைவக் கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சினிமா மாதிரி இருக்கிறது என்பீர்கள், ஆனால் சத்தியமாக வாசனையை வைத்துத்தான் போனாள். இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவர் வைத்த ஒரு வீடு. வாசலில் கரும்பலகை, அதில் சாக்பீசில் பிரெஞ்சு. முற்றத்தில் ஏழெட்டு மேஜை.

கவுன் போட்ட ஒரு தமிழ் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. கற்பகம் அவர் வாய் திறக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

"நாங்க ரெண்டு பொம்பளைங்கதான். நடுவுல ஒக்காந்து சாப்புடணும். முடியும்னா சொல்லுங்க, இல்லன்னா இப்பவே போயிடறோம்."

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். "அந்த மேஜைக்குக் காத்து நல்லா வரும். உக்காருங்க" என்று நடு மேஜையைக் காட்டினார்.

மெனு அட்டை முழுக்க பிரெஞ்சு. டிரங்க் கால் கவுன்டரில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'அலோ' மட்டும்தான். கற்பகம் அட்டையை மூடி வைத்தாள். அடுப்பில் இப்போது என்ன வேகிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். கற்பகம் ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து பார்த்தாள், மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள், ஆர்டரையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதலில் வெங்காய சூப். மேலே ரொட்டித் துண்டு, அதன்மேல் உருகி நூல் நூலாக இழுபடும் சீஸ். வெங்காயத்தைச் சிறு தீயில் ஒரு மணி நேரமாவது வதக்கியிருப்பார்கள், அதனால்தான் இந்தத் தித்திப்பு என்றாள் கற்பகம். பிறகு மீன் வந்தது. நீளத் தட்டில், தலை வாலோடு, முழுக் கொடுவா. வெண்ணெய், எலுமிச்சை, ஏதோ பச்சை இலை. கூடவே முள்கரண்டியும் கத்தியும்.

நான் கத்தியை எடுத்தேன். மீன் தட்டில் வழுக்கியது. பக்கத்து மேஜையில் பேண்ட் சட்டைக்காரர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், எங்களுக்குக் கேட்கிற மாதிரியே, "ஸ்பூன் புடிக்கத் தெரியாதவங்கல்லாம் இங்க வர ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

கற்பகம் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தாள். மீனின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். மேல் சதையைப் புரட்டி ஓரமாக வைத்தாள். வால் பக்கம் இரண்டு விரல் கொடுத்து மெதுவாகத் தூக்கினாள். முதுகெலும்பு தலையோடு, ஒரு முள் மிச்சமில்லாமல், சீப்பு மாதிரி மொத்தமாக வந்துவிட்டது. எங்கள் ஏரிக் கெண்டையில் முள் எடுத்துப் பழகிய கை. அதற்கு முன்னால் கடல் மீனெல்லாம் ஒன்றுமே இல்லை.

இந்தப் பக்கம் ஒரு இளம் வெள்ளைக்கார ஜோடி அதே மீனோடு போராடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் வாயிலிருந்து மூன்றாவது முள்ளை எடுத்து வைத்தவன், கற்பகம் செய்ததைப் பார்த்துக் கரண்டியைக் கீழே போட்டான். எழுந்து வந்து, கைகூப்பி, தன் தட்டைக் காட்டினான். கற்பகம் என்னைப் பார்த்தாள். போயேன் என்றேன். அவன் மீனையும் அதே மாதிரி உரித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் கைதட்டினாள், முற்றத்தில் நாலு மேஜை சேர்ந்து தட்டியது. பிறகு அவர்கள் இருவரும் கையால்தான் சாப்பிட்டார்கள். பேண்ட் சட்டைக்காரர் தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவரும் முள் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு உரித்துக் கொடுக்க யாரும் போகவில்லை.

கடைசியாகக் கேரமல் ஊற்றிய முட்டைப் புட்டிங் மாதிரி ஒன்று, ஆடிக்கொண்டே வந்தது. பில் இரண்டு பேருக்கும் அறுபத்தொரு ரூபாய். அந்தக் காலத்துக்கு ஜாஸ்திதான். பாதி நான், பாதி அவள். கிளம்பும்போது அந்த அம்மாள் தெரு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

மூன்றே முக்கால் பஸ்ஸில் கற்பகம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திண்டிவனம் நெருங்கும்போது சொன்னாள்: "மூணு தபா தட்டு மாத்துனாங்க அண்ணி. நான் ஒரு தபா கூட எழுந்திருச்சி எடுக்கல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் போனோம். என் பணி ஓய்வு வரைக்கும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. வீட்டிலும் அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அந்த ஊரில் நாங்கள் உட்காராத பிரெஞ்சுக் கடை கம்மி.

வாசகிக்கு என் யோசனை இது. விடியற்காலை பஸ் பிடியுங்கள், இப்போது மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல கடைகளில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டரை வரைதான், திங்கள்கிழமை சிலது மூடியிருக்கும், போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெனு புரியவில்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். மீன் முழுசாக வாங்குங்கள், துண்டில் ருசி பாதிதான். பிடிக்காத இடத்தில் உட்கார வைத்தால் எழுந்து அடுத்த தெருவுக்குப் போங்கள். சட்டென்று எழுந்திருக்கத் தெரிந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. எனக்கு அப்படி ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள்.