அப்பா கேட்ட ஏலம்

அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர், "பிசிக்ஸ் படிச்சு என்னத்தக் கண்ட?" என்று ஒரு முறையாவது என்னைக் கேட்டவர்கள்தான். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

அப்பா சமயநல்லூரில் வயல்கூலி செய்த பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். பசுமலையில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயே ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருந்தார். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா இறந்துவிட்டார். அதன் பிறகு தினமும் எனக்குச் சடை பின்னிவிட்டுத்தான் அப்பா சைக்கிளை எடுப்பார். சடை எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், ஆனால் பிடிவாதம் மட்டும் ஊருப்பட்டது.

பிளஸ் டூ முடித்ததும் இயற்பியல்தான் படிப்பேன் என்றேன். சிம்மக்கல்லில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் சித்தப்பா அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

"அண்ணே, நர்சிங் படிச்சா வெளிநாடு. இஞ்சினியரிங் படிச்சா கம்பெனி. பிசிக்ஸ் படிச்சா என்னண்ணே?"

"பிசிக்ஸ் தெரியும்ல," என்றார் அப்பா.

பி.எஸ்ஸி. வரைக்கும் அப்பாவின் சம்பளத்திலேயே ஓடிவிட்டது. வெளியூரில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தபோதுதான் செலவு கழுத்தைப் பிடித்தது. வீடு கட்டுவதற்கென்று சமயநல்லூரில் ரோட்டோரமாக வாங்கிப் போட்டிருந்த மனையை அப்பா விற்றார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "போட்டது திரும்புமாண்ணே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. படிப்பு முடிந்து வந்தவளுக்கு மாவு விற்கப் போனால் காற்று, உப்பு விற்கப் போனால் மழை. சில வருஷம் டியூஷன், பிறகு பி.எட்., பிறகு ஒரு தனியார் பள்ளி. அங்கே கொடுத்ததைச் சம்பளம் என்று சொல்லவே கூசும். என்னோடு படித்து நர்சிங் போனவள் அதற்குள் மாடி வீடு கட்டிவிட்டாள். எங்கள் மனை இருந்த இடத்தில் பெரிய ஹோட்டல் வந்தது. பஸ் அதைத் தாண்டும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அப்பாவோ, "சாப்பாடு நல்லா இருக்காம் பாப்பா, ஒருநா போவோம்," என்பார். எனக்கு ஆத்திரமும் வரும், அழுகையும் வரும். ஒரு கல்லூரியில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தபோது அப்பாவுக்குக் கைநடுக்க நோய் முற்றியிருந்தது. அப்போதும் நாங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தோம்.

நம் சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் காயையும் கோழியையும் கடை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஏலம் எடுப்போம்; பணம் சபைக்குப் போகும். கை தூக்கினால் கேட்டதாக அர்த்தம். மனையை விற்ற வருஷத்திலிருந்து அப்பா கை தூக்கியதே இல்லை. கைகட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய கடைசிப் பண்டிகையில்தான் பந்தலில் முன்வரிசையில் உட்காரவைத்தோம். ஒரு பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. அப்பாவின் கை நடுங்கி மேலே எழுந்தது. ஏலம் விட்டவர் விலையை ஏற்றினார். எதிராளி யாரென்று தெரியாமல் பின்னாலிருந்து சித்தப்பா கூட்டிக் கேட்டார். மறுபடியும் கை எழுந்தது. மறுபடியும் சித்தப்பா. கடைசியில் அப்பா பேருக்கே முடிந்தது.

விஷயம் தெரிந்ததும் சித்தப்பா பதறி ஓடிவந்தார். "ஐயா, அது நடுக்கம்யா! அண்ணன் கேக்கல, விட்டுருங்க."

"யார்றா சொன்னது? ஏலம்னா ஏலந்தான். எம் மக குடுப்பா," என்றார் அப்பா.

"ஒரு பூசணிக்காய்க்கு இம்புட்டாண்ணே? இதுல என்ன லாபம்?"

"லாபம் பாக்குறவன் சிம்மக்கல்லுக்குல்ல போகணும்? இங்க எதுக்கு வாரான்?"

பந்தலே சிரித்தது. என் சம்பளத்தில் கொடுத்தேன். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ஆட்டோவில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். முதல் தடவை கை எழுந்தது நோயால்தான். அதற்கப்புறம் எழுந்ததெல்லாம் நோயா அப்பாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த பண்டிகைக்கு அப்பா இல்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் வந்து ஜெபித்த ஆயர் ஐயாவுக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த பெண்கள் ஐக்கியச் சகோதரிகளுக்கும், என் வகுப்புகளைத் தாங்கள் எடுத்துக்கொண்ட துறைத் தோழிகளுக்கும் நன்றி. கடைசியாகச் சித்தப்பாவுக்கு. அப்பாவைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்தான். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். பேத்தி பிசிக்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"சேக்கவா, வேணாமா? ஒளிக்காமச் சொல்லு பாப்பா."

ஒளிக்காமல் சொன்னேன். வேலைக்குப் பல வருஷம் ஆகலாம். போட்டது திரும்பாமலே போகலாம். கூடப் படித்தவர்கள் முந்திப் போவதை அவளும் நின்று பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் இந்தப் படிப்பை ஏன் படித்தோம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சித்தப்பா அப்பாவின் படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு முடிச்சிரு பாப்பா. எம் பேருக்கே."